எந்த வருஷத்து பாகம் எதில் பொருந்தும்? ஹாட் ராட் பற்றி ஒரு முதல் பாடம்

ஒரு வண்டி நிற்கிறது. முன்னாலும் பின்னாலும் மட்கார்டு கிடையாது. பானெட்டின் பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டதால் இன்ஜின் வெளியே தெரிகிறது. முன் டயர் சின்னது, பின் டயர் பெரியது. அதனால் தரையை மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறது.

‘இது எந்த வருஷத்து வண்டி?’ என்று உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வராது. உடல் 1929-இன் ஃபோர்டு மாடல் ஏ. சேஸ், அதாவது அடிச்சட்டம், 1932. பிரேக் 1940. கியர்பாக்ஸ் 1939 ஃபோர்டுடையது, ஆனால் அதற்குள் சுழலும் பல்சக்கரங்கள் லிங்கன் செஃபிர் என்ற இன்னொரு காரிலிருந்து வந்தவை. இன்ஜின் 1946. ஸ்டியரிங் பெட்டி 1948-க்குப் பிறகு வந்த ஃபோர்டு பிக்கப் லாரியில் கழற்றியது. ஏழு வண்டிகள் செத்து ஒரு வண்டி பிறந்திருக்கிறது.

இதுதான் பாரம்பரிய ஹாட் ராட். பெயரைக் கேட்டதும் பக்கவாட்டில் தீ ஜுவாலை வரைந்த, கண்ணைப் பறிக்கிற பெயின்ட் அடித்த வண்டிதான் பலருக்கு நினைவு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெயின்ட் கடைசி வேலை. எந்த வருஷத்துப் பாகம் எந்த வருஷத்து வண்டியில் உட்காரும் என்கிற அறிவுதான் ஹாட் ராட்டின் அடிப்படை. அந்த அறிவு எங்கே உருவானது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் வறண்டுபோன ஏரிகள் சில உண்டு. மியூராக், எல் மிராஜ், ஹார்ப்பர் என்று பெயர்கள். மழை வற்றியபின் களிமண் படுகை காய்ந்து, மைல் கணக்கில் சிமென்ட் தரை போல மட்டமாகக் கிடக்கும். 1930-களில் தெற்கு கலிபோர்னியப் பையன்கள் வார இறுதியில் அங்கே போய் வண்டியை முடிந்தவரை விரட்டிப் பார்த்தார்கள். 1937-இல் சில கிளப்புகள் சேர்ந்து தெற்கு கலிபோர்னியா டைமிங் அசோசியேஷனைத் தொடங்கின. பெயரிலேயே இருக்கிறது விஷயம்: யார் முதலில் வந்தார் என்பது அல்ல, குறித்த தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்பதுதான் கணக்கு.

கையில் காசில்லாத பையனுக்கு வேகம் கூட்ட ஒரே இலவச வழி, எடையைக் குறைப்பது. ஏரிக்குப் போனதும் மட்கார்டைக் கழற்றுவார்கள், விளக்கைக் கழற்றுவார்கள், முன் கண்ணாடியையும் எடுத்துவிடுவார்கள். ஓட்டி முடித்ததும் திரும்ப மாட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும், ஏனென்றால் திங்கட்கிழமை வேலைக்குப் போகவும் அதே வண்டிதான். கொஞ்ச நாளில் சிலர் மட்கார்டைத் திரும்ப மாட்டுவதையே விட்டுவிட்டார்கள். இன்று நாம் ‘ஸ்டைல்’ என்று ரசிக்கிற மொட்டை வண்டி, முதலில் இப்படி வந்ததுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர்களில் பலர் விமான இன்ஜின் கழற்றவும் வெல்டிங் பண்ணவும் ராணுவத்தில் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். போர்க்காலத்து மிச்சச் சாமான்களும் மலிவாகக் கிடைத்தன. பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் அடியில் தொங்கவிடும் கூடுதல் பெட்ரோல் டேங்கையே வண்டியின் உடலாக்கி, அதற்குள் இன்ஜினை வைத்து ஏரியில் ஓட்டினார். சொட்டு நீர் போன்ற அந்த வடிவம் காற்றைக் கிழிக்கும் என்று விமானக்காரர்கள் ஏற்கனவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள், இவருக்கு வேலை மிச்சம். 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே மாத இதழ் வந்தது. 1949-இல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புப் படுகையில் வேக வாரம் தொடங்கியது.

சரி, ஏன் எல்லாரும் ஃபோர்டையே பிடித்துக்கொண்டார்கள்?

முதல் காரணம், எங்கும் கிடந்தது. மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். அதற்குப் பின் வந்த மாடல் ஏ 1931 வரை ஏறக்குறைய 48 லட்சம். 1940-இல் ஒரு பையன் காயலான் கடைக்குப் போனால் மலை போல அவைதான் குவிந்து கிடக்கும். புதுப்பேட்டைச் சந்துகளில் நடந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஹென்றி ஃபோர்டு பிடிவாதக்காரர், பிடித்ததை மாற்ற மாட்டார். குதிரை வண்டி காலத்துப் பாணியில், முன் ஆக்சிலுக்கு ஒன்றும் பின் ஆக்சிலுக்கு ஒன்றுமாகக் குறுக்கே கிடத்திய கமான் பட்டையை 1908-இல் வைத்தார். 1948 வரை ஃபோர்டு கார்களில் அதேதான். சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள்: 1928-இலும் 5 போல்ட், 1948-இலும் 5 போல்ட், இரண்டிலும் அவை அமைந்த வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம். அதாவது 1940 ஃபோர்டின் சக்கரம் 1929 வண்டியின் ஹப்பில் போய் உட்கார்ந்துவிடும். முதலாளியின் பழமைவாதம் பட்டறைப் பையன்களுக்கு வரமாகிவிட்டது. 20 வருஷத்து ஃபோர்டுகளும் அவர்களுக்கு ஒரே மெக்கானோ பொம்மைப் பெட்டி மாதிரி.

மூன்றாவது, 1932. அந்த வருஷம் ஃபோர்டு, எட்டு சிலிண்டர்கள் ‘V’ வடிவத்தில் நிற்கும் வி-8 இன்ஜினைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் வி-8 இருந்தது, பணக்காரர் வண்டியில். எட்டு சிலிண்டரையும் கிராங்க் பெட்டியையும் ஒரே வார்ப்பாக ஊற்றி, சாமானியன் வாங்கும் விலைக்குள் அதைக் கொண்டுவந்தவர் ஃபோர்டு. 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். மாடல் ஏ-யின் நாலு சிலிண்டர் கொடுத்தது 40. வண்டியோ கிட்டத்தட்ட ஒரு டன் எடைதான். 1932 மாடலை அமெரிக்கர்கள் ‘டியூஸ்’ என்பார்கள், சீட்டுக்கட்டில் இரண்டாம் எண் சீட்டுக்கு இருக்கும் பெயர். இன்றும் ஹாட் ராட் உலகத்தின் ராஜா அந்த இரண்டுதான்.

இதில் ‘பாரம்பரிய’ என்ற அடைமொழி எதற்கு என்று கேட்கலாம். 1955-இல் செவர்லே சின்ன வி-8 ஒன்றை வெளியிட்டது. வால்வுகள் சிலிண்டருக்கு மேலுள்ள ஹெட்டில் இருந்தன, எடை குறைவு, சக்தி அதிகம், போகப்போக மலிவாகவும் கிடைத்தது. சில வருஷங்களில் ஃபோர்டின் பழைய இன்ஜினை ஓரம் கட்டிவிட்டது. பிற்காலத்தில் ஏசி, டிஸ்க் பிரேக், ஆட்டோமேட்டிக் கியர், ஃபைபர் உடல் எல்லாம் வைத்துக் கட்டியவை ஸ்ட்ரீட் ராட். வேண்டுமென்றே துருவோடும் தாறுமாறான வெல்டிங்கோடும் விடுவது ‘ரேட் ராட்’ (rat rod), எலி வண்டி. பாரம்பரியம் என்பவர்கள் தங்களுக்கு ஒரு வருஷத்தை விதித்துக்கொள்கிறார்கள். ‘என் வண்டி 1948-இல் ஏரிக்குப் போன வண்டி’ என்று முடிவு செய்துவிட்டால், 1949-இல் வந்த விளக்கைக்கூட மாட்ட மாட்டார்கள். கிறுக்குத்தனம் போலத் தெரியும். ஆனால் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது, ஏனென்றால் கடையில் ஆயிரம் பாகம் இருந்தாலும் உங்களுக்கானவை நூறுதான். வண்டி கலந்துகட்டியாகத் தெரியாமல் ஒரே ஆள் கட்டியது போலத் தெரிவதும் இதனால்தான்.

கட்டத் தொடங்கலாம். முதலில் காகிதம், அப்புறம் இரும்பு. அமெரிக்காவில் அந்தக் கால ஃபோர்டின் எண் இடப்பக்கச் சேஸ் தண்டின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். உடல் மேலே உட்கார்ந்திருக்கும்போது அதில் ஒரு பகுதி மறைந்துவிடும். விற்கிறவர் காட்டும் உரிமைச் சான்றிதழில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்காமல் பணம் கொடுத்தவர்கள், கட்டி முடித்த வண்டியைப் பதிவு செய்ய முடியாமல் ஷெட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சேஸுக்கும் உடலுக்கும் வருவோம். மாடல் ஏ உடலை 1932 சேஸில் வைப்பது பழைய வழக்கம், அதற்குக் காரணம் உண்டு. ஏ-யின் சேஸ் மெலிந்த, அலங்காரமில்லாத தண்டு. வி-8 இன்ஜினுக்கு வலு போதாது. 1932 சேஸ் கனமானது, மேலும் அதன் வெளிப்பக்கத்தில் நீளமாக ஒரு அச்சுக்கோடு அழுத்தப்பட்டிருக்கும். மட்கார்டைக் கழற்றினாலும் பார்க்க முழுமையாக இருக்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. மாடல் ஏ-க்குப் பெட்ரோல் டேங்க், ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தது. பம்ப் தேவையில்லை, பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும். வண்டி எதிலாவது மோதினால் என்ன ஆகும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும். 1932-இல் டேங்க் பின்னால் போய்விட்டது. இரண்டையும் கலக்கும்போது எந்த டேங்கை வைத்துக்கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

உடலைச் சேஸின் மேலேயே உயரமாக வைத்தால் ‘ஹைபாய்’. தரைத் தகட்டை வெட்டி, உடலைச் சேஸைச் சுற்றிக் கீழே இறக்கினால் ‘சேனல்’. கூரைத் தூண்களில் இரண்டு மூன்று அங்குலம் வெட்டியெடுத்துக் கூரையைத் தாழ்த்தினால் ‘சாப்’. அந்தக் காலக் கண்ணாடிகள் எல்லாம் தட்டையானவை என்பதால், புது அளவுக்குக் கண்ணாடி வெட்ட எந்தக் கண்ணாடிக் கடையும் போதும். வெட்டுவதற்கு முன் கதவுகளை மூடி, உடலுக்குள் குறுக்கும் நெடுக்கும் இரும்புக் குழாயை வெல்டு வைத்து இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய நிமிஷமே உடல் கால் அங்குலம் விரியும், அப்புறம் அந்தக் கதவு ஒருநாளும் சரியாக மூடாது.

முன் ஆக்சிலில்தான் புதியவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஃபோர்டின் முன் ஆக்சில் ஒரே தண்டு. அது முன்பின் நகராமல் பிடிக்க, கவைக்கம்பு போல ஒரு இரும்பு இருக்கும். கவையின் இரண்டு நுனிகளும் ஆக்சிலின் இரண்டு பக்கமும் பிடித்திருக்கும், கூர்முனை பின்னால் போய் கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு பந்துமூட்டில் உட்காரும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மொத்த அமைப்பும் அந்த ஒரு பந்தை மையமாக வைத்துச் சாயும். நல்ல ஏற்பாடு.

வேறு கியர்பாக்ஸ் வைக்கும்போது அந்தப் பந்து இருக்க இடம் இல்லாமல் போகும். அப்போது கவையை நடுவில் பிளந்து, இரண்டு கைகளையும் விரித்து, இரண்டு பக்கச் சேஸ் தண்டுகளில் தனித்தனியாகப் பிடிக்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்க்கவும் அழகு. ஆனால் இப்போது மையம் ஒன்றல்ல, இரண்டு. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் வேறு வழியில்லை. ஃபோர்டு அடித்த ஆக்சில் தண்டவாளம் போன்ற வெட்டுமுகம் கொண்டது, அது கொஞ்சம் முறுகிக் கொடுக்கும். பார்க்கப் பளபளப்பாக இருக்கிறதே என்று குழாய் ஆக்சிலை வாங்கி மாட்டினால், குழாய் முறுகாது. அந்த விசை பிராக்கெட்டுக்கும் வெல்டிங்குக்கும் போகும். ஒருநாள் அங்கே விரிசல் விடும். கவையைப் பிளந்தால் பழைய ஆக்சிலையே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தாழ வேண்டுமென்றால், அதே ஆக்சிலைச் சூடாக்கி நுனிகளை மேலே வளைத்து எடுத்த ‘டிராப்டு’ ஆக்சில் இருக்கிறது.

பிரேக் விஷயத்தில் மட்டும் பாரம்பரியவாதிகளே பழசை விரும்புவதில்லை. 1938 வரை ஃபோர்டில் மிதித்தால் கம்பியும் கேபிளும்தான் பிரேக்கை இழுக்கும். எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் இழுக்கும்படி சரிசெய்வது ஒரு கலை. சரியில்லையென்றால் வண்டி ஒரு பக்கமாகப் போகும். 1939-இல்தான் ஃபோர்டு எண்ணெய் பிரேக்குக்கு வந்தது, போட்டியாளர்களுக்கு மிகவும் பிந்தி. 1939 முதல் 1948 வரையிலான அந்த பிரேக்குகள் சின்னச் சின்ன வேலையோடு பழைய ஆக்சிலில் ஏறிவிடும். ‘ஜூஸ் பிரேக்’ என்று அவர்கள் அன்போடு சொல்வது இதைத்தான்.

இனி இன்ஜின். ஃபோர்டு வி-8-ஐ ‘ஃபிளாட்ஹெட்’ என்பார்கள். தட்டைத்தலை. இன்றைய இன்ஜின்களில் வால்வுகள் ஹெட்டில் இருக்கும். இதில் வால்வுகள் சிலிண்டர்கள் வார்க்கப்பட்ட பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன, ஹெட் என்பது வெறும் மூடி. எளிமையான அமைப்பு, ஆனால் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. வால்வுகள் வி-யின் உள்பக்கத்தில் இருக்கின்றன, சைலன்சர் குழாயோ வெளிப்பக்கத்தில். ஆகவே எரிந்த புகை சிலிண்டர்களுக்கு நடுவே பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். போகிற வழியெல்லாம் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே போகும். ஃபிளாட்ஹெட் சூடாகும் என்ற கெட்ட பெயரின் பாதிக்காரணம் இதுதான். நடு சிலிண்டர்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாய் என்பதால், ஒரு பக்கம் நாலு சிலிண்டர் இருந்தும் புகை வாய் மூன்றுதான். கொதிக்கிற குழம்பு மாதிரியான அந்தத் தனிச் சத்தம் அங்கிருந்து வருகிறது.

காயலான் கடையில் ஒரு ஃபிளாட்ஹெட்டைப் பார்த்தால் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டுகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் 21 என்றால் பழைய வகை, 24 என்றால் 1938-இலோ அதற்குப் பிறகோ வந்தது. 24-இலும், கிளட்சை மூடும் கூடு பிளாக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தால் 1948 வரையிலானது, தனியாகக் கழன்றால் 1949 முதல் 1953 வரை. பாரம்பரிய ஆட்கள் தேடுவது பெரும்பாலும் போருக்குப் பின் வந்த 3.9 லிட்டர், 59ஏ என்று அழைக்கப்படும் பிளாக்.

வாங்கியதும் பளபளக்கும் அலுமினிய ஹெட் தேடி ஓடாதீர்கள். முதல் செலவு விரிசல் சோதனை. பிளாக்கைச் சுத்தமாகக் கழுவி, காந்தமேற்றி, மேலே மெல்லிய இரும்புத்தூளைத் தூவுவார்கள். விரிசல் இருக்கும் இடத்தில் தூள் தானாக ஒரு கோடாகச் சேர்ந்து நிற்கும். பெரும்பாலும் வால்வு உட்காரும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவில்தான் அந்தக் கோடு தெரியும். தண்ணீர் வழிகளில் எழுபது எண்பது வருஷத்துத் துருவும் சேறும் கட்டியாகக் கிடக்கும், சில பிளாக்குகளில் வார்ப்பு மணலே இன்னும் மிச்சமிருக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் வண்டி சூடாகத்தான் செய்யும்.

பிளாக் நல்லது என்று தெரிந்தபின் விளையாட்டு. அழுத்தத்தைக் கூட்டும் அலுமினிய ஹெட், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, ஒன்றுக்குப் பதில் இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர். 97 என்பது அதன் தொண்டையின் அகலம், 0.97 அங்குலம். இரண்டை வைக்கும் மேனிஃபோல்டை, அதாவது கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாயை, விக் எடல்ப்ராக் என்பவர் போருக்கு முன்பே தன் 1932 ரோட்ஸ்டருக்காக (நிரந்தரக் கூரையில்லாத கார்) செய்து, பிறகு விற்கவும் தொடங்கினார். அந்தப் பெயரில் இன்றும் கம்பெனி இருக்கிறது. இன்னும் ஆசை இருந்தால் பிஸ்டனுக்கு 4 அங்குல ஓட்டம் தரும் மெர்குரி காரின் கிராங்கை அதற்கேற்ற கனெக்டிங் ராடுகளோடு போட்டு, சிலிண்டரை 3 5/16 அங்குலத்துக்குக் கடைந்தால் 276 கன அங்குலம், அதாவது நாலரை லிட்டர். இங்கேயும் அதே கதைதான். மெர்குரி, ஃபோர்டின் தம்பி வண்டி. அதன் எலும்பு இதற்குள் உட்கார்கிறது.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று மட்டும். அந்தக் கால ஃபோர்டில் 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். நம் பழக்கத்துக்கு நேர்மாறு. பழக்க தோஷத்தில் பேட்டரியை மாற்றி இணைக்காமல் இருக்க, முனைக்குப் பக்கத்தில் பெயின்டால் எழுதி வைத்துவிடுவது நல்லது.

எல்லாப் பாகமும் வந்த பிறகும் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது. வண்டியை முதலில் வெறும் இரும்பாகவே முழுசாகக் கட்ட வேண்டும், புள்ளி வெல்டு மட்டும் வைத்து. அப்போதுதான் ஸ்டியரிங் தண்டு இடப்பக்கப் புகைக்குழாயில் இடிப்பதும், ஃபேன் ரேடியேட்டரைத் தொடுவதும், உங்கள் செருப்பு கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் மாட்டுவதும் தெரியவரும். சீட் இருக்கும் இடத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பாருங்கள். எல்லாம் சரி என்றானதும் முழு வெல்டிங், அப்புறம் கடைசி நட்டு வரை பிரித்து, பெயின்ட் அடித்து, திரும்பக் கட்டுவது. சலிப்பான வேலை. வருஷக் கணக்கில் ஷெட்டில் பாதியில் நிற்கும் வண்டிகளில் பல, இந்த இரண்டாவது கட்டலில் நின்றவைதான்.

பாகம் எங்கே கிடைக்கும்? வயல்வெளிக் காயலான் கடைகள் பெரும்பாலும் காலியாகிவிட்டன. இன்று 1932 ரோட்ஸ்டரின் முழு உடலையும் புதுத் தகட்டில் அடித்துத் தருகிறார்கள், ஸ்ட்ராம்பர்க் 97-கூடப் புதிதாக வருகிறது. பழசே வேண்டுமென்றால் அமெரிக்க ஊர்களில் மைதானத்தில் துணி விரித்துப் பாகம் விற்கும் ஸ்வாப் மீட்டுகளுக்குப் போகிறார்கள். போகும்போது ஒரு அளவு நாடா, ஒரு டார்ச், ஒரு காந்தம். உடலில் காந்தத்தை வைத்துக்கொண்டே நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள். ஆனால் அவசரப்பட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். பிளாஸ்டிக் பட்டி 1950-களில்தான் பரவியது. அதற்கு முன் பள்ளங்களை ஈயத்தை உருக்கித்தான் நிரப்பினார்கள், ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. விற்கிறவரிடம் கேட்டுவிட்டு, கண்ணில் படாத ஓரத்தில் நகத்தாலோ கத்தி முனையாலோ லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் பட்டி, விலையைக் குறைத்துக் கேளுங்கள். வெள்ளிக்கோடாகப் பளிச்சிட்டால் அது 1948-இல் யாரோ ஒருவர் கையால் இழைத்த ஈயம். அதைச் சுரண்டாமல் அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.